எஸ்றாவின் வலது கால்

அத்தியாயம் பதினொன்று

எஸ்றா ஊருக்கு வந்து சேர்ந்தது வரை படித்தவர்களுக்கு ஞானபாய் டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் நிலைமை தெரியும். சிங்கப்பூரிலிருந்து அவன் மரப்பெட்டியில் கொண்டுவந்த எலெக்ட்ரிக் பியானோ மேஜை முழுவதையும் பிடித்துக்கொண்டது. வீட்டில் எல்லாரும் இப்போது அடுப்படியில் மணை போட்டு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள்.

டீச்சருக்கு அதில் வருத்தமில்லை. கப்பலில் எலெக்ட்ரிக்கல் ஆபீசராக இருக்கும் மகன் மூன்று வருஷம் கழித்து லீவில் வந்திருக்கிறான். சாத்தான்குளத்துப் பெண் தேவகனியின் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே ஆராதனையில் மகள் இன்பமணி இந்தப் புது வாத்தியத்தை வாசிக்கப் போகிறாள். கோயிலில் இருந்த பழைய கால் ஆர்கனின் துருத்தியை எலி கடித்துவிட்டது. கோயில் பாதிரியாரான ஐயரும் புதியதைக் கொண்டுவரச் சம்மதித்துவிட்டார். ஒரே காலையில் கோயிலுக்கு வாத்தியமும் வீட்டுக்கு மருமகளும் அமைந்துவிடும் என்பது டீச்சரின் நினைப்பு.

இன்பமணிக்குத்தான் சனிக்கிழமை விடிந்ததிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை.

கணவர் தேவபிரசாதம் ஆபீஸ் வேலையாக மதுரைக்குப் போயிருந்ததால் அவள் இந்த வாரம் அம்மா வீட்டில் இருந்தாள். விடியும் முன்பே எழுந்து, பல் விளக்கின கையோடு பியானோ முன்னால் போய் உட்கார்ந்தாள். ஜப்பான் சாமான் என்பதால் வோல்டேஜைக் குறைக்க வைத்திருந்த பெட்டி மேஜைக்கு அடியில் வண்டு போல உறுமிக்கொண்டிருந்தது. ஆராதனையில் பாடுகிற ஒரு பாமாலை ராகத்தைத் தொடங்கினாள். நாலாவது அடியில் நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். மறுபடி நிறுத்தினாள்.

கால் ஆர்கனில் அவளுக்கு இருபது வருஷப் பழக்கம். இரண்டு காலாலும் மாறி மாறி மிதித்தால்தான் துருத்தியில் காற்று ஏறும். கால் நின்றால் பாட்டும் நின்றுவிடும். இங்கே கரண்டே சத்தத்தைக் கொடுக்கிறது. கால்களுக்கு வேலை இல்லை. ஆனால் விரலை எடுத்த மறு நொடி சத்தம் வெட்டினது மாதிரி அறுந்துபோகிறது. ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குப் போவதற்குள் நடுவில் பள்ளம் விழுகிறது. விரலை எடுத்த பிறகும் சத்தத்தைப் பிடித்து நிறுத்துவதற்கு ஒரு கால் பெடல் வேண்டும். அதைச் செருகுவதற்காகப் பின்பக்கம் ஒரு துவாரம் இருந்தது. பெடல் மட்டும் இல்லை.

"ஏலே எஸ்றா, இதோட பெடலை எங்கன வச்சே?" என்று முதல் நாளே கேட்டிருந்தாள்.

"பெட்டியில இடம் பத்தலைக்கா. அங்கனயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றான்.

அவ்வளவு பெரிய பெட்டியில், துணிமணிகளுக்கெல்லாம் இடம் இருந்த பெட்டியில், உள்ளங்கை அகலப் பெடலுக்கு மட்டும் இடமில்லையா என்று அவளுக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

காலை ஏழு மணி வாக்கில் எதிர்வீட்டு இனிகோ சைக்கிளோடு வாசலில் வந்து நின்றான். புதுத் துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற விஞ்ச் ஓட்டுகிறவன். இரவு ஷிப்ட் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தான்.

"டீச்சரம்மா, உங்க மவன் கப்பல் வந்துட்டு. நேத்து வெளிய நங்கூரம் போட்டுக் கெடந்துது. விடியக்காலம் உள்ள கொண்டாந்து கட்டிட்டாவ."

ஞானபாய் டீச்சரின் முகம் மலர்ந்தது. "பாத்தியா? ஆண்டவர் நேரம் பாத்து அனுப்பியிருக்கார். எஸ்றா, இன்பாவுக்கு அந்தப் பெடல் வேணும்லா? உன் கப்பல்ல யார்ட்டயாவது இருக்கும். ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வந்திரு."

எஸ்றா காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தான். ஆறிப்போன காப்பியை மேலும் இரண்டு தடவை ஆற்றினான்.

"கப்பல்ல அதெல்லாம் இருக்காதும்மா. நம்ம காட்டன் ரோட்டுல செந்தில்வேல் அண்ணாச்சி கடையில கேப்போம்."

"பெடல் இல்லாட்டா போகுது. கூட வேலை பாத்தவங்க நம்ம ஊருக்கே வந்திருக்காங்க. போய்ப் பாக்காண்டாமா? வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிட்டு வா."

"லீவுல இருக்கவன் கப்பல் பக்கம் தலையைக் காட்டினா ஏதாவது வேலையைக் கட்டிருவாங்கம்மா."

டீச்சர் சிரித்தார். இன்பமணி சிரிக்கவில்லை. கப்பல் வந்துவிட்டது என்று இனிகோ சொன்னபோது தம்பியின் கை ஒரு விநாடி நின்றதை அவள் பார்த்திருந்தாள்.

*

அக்காவும் தம்பியும் நடந்தே புறப்பட்டார்கள். உப்பு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. சங்கு குவித்துவைக்கிற கிட்டங்கியைத் தாண்டும்போது நாற்றம் தாங்காமல் இன்பமணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். துறைமுகத்துப் பக்கமிருந்து கப்பல் ஒன்று நீளமாக ஊதியது. தெருவில் போன சின்னப் பிள்ளைகள்கூட அந்தத் திசையில் திரும்பிப் பார்த்தார்கள். எஸ்றா பார்க்கவில்லை. நடையை எட்டிப் போட்டான்.

செந்தில்வேல் அண்ணாச்சியின் ரேடியோ கடையில் ரிப்பேருக்கு வந்த ரேடியோக்கள் ஒரு பக்கம், கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போன வெளிநாட்டுச் சாமான்கள் ஒரு பக்கம். கேட்டது கிடைக்காமல் அந்தக் கடையிலிருந்து யாரும் திரும்பியதில்லை. ஆனால் கேட்டதேதான் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது.

"கால்ல மிதிக்கதா?" என்று அண்ணாச்சி யோசித்தார். "இருக்கு. மூணு வகையா இருக்கு. எது உங்களுக்கு ஆவும்னு எனக்குத் தெரியாது. நீங்களே பாத்துக்கிடுங்க."

முதலாவது தையல் மெஷின் மோட்டாரோடு வருகிற பெடல். எஸ்றா கையில்கூட வாங்கவில்லை. "இது மிதிக்க மிதிக்க வேகத்தைக் கூட்டும். நமக்கு அது வேண்டாம் அண்ணாச்சி. பிடிக்கணும், விடணும். அவ்வளவுதான்."

இரண்டாவது தட்டையான ரப்பர் பெடல். ஏதோ ஒரு பெரிய கம்பெனி ஆபீசில் டைப் அடிக்கிற பெண்கள், துரை பேசிவைத்த டேப்பைக் காலால் நிறுத்தி நிறுத்திக் கேட்பதற்காக வைத்திருந்தது. புதுசு போல இருந்தது. இன்பமணி செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்த்தாள். மெத்தென்று இறங்கியது.

மூன்றாவது ஒரு ஜப்பான் கப்பல்காரன் விட்டுப்போனது. இரும்பு. கனமான அடித்தட்டு, அதிலிருந்து நாக்கு மாதிரி நீண்டுவருகிற பித்தளைத் தகடு. அங்கங்கே துருவேறி இருந்தது.

அண்ணாச்சி ஒரு டார்ச் பல்பையும் பாட்டரியையும் எடுத்தார். ரப்பர் பெடலின் ஒயரை அதில் சேர்த்து மிதிக்கச் சொன்னார். மிதித்தால் பல்பு எரிந்தது, விட்டால் அணைந்தது. பிறகு இரும்புப் பெடலைச் சேர்த்தார். மிதிக்கும் முன்பே பல்பு எரிந்துகொண்டிருந்தது. மிதித்தால் அணைந்தது.

"இது தலைகீழா இருக்கே" என்றார் அண்ணாச்சி. "இதைப் போட்டா காலை எடுத்தாத்தான் சத்தம் நிக்காம ஓடும், மிதிச்சா நிக்கும். தாயி, ரப்பர் பெடலையே கொண்டுபோங்க. லேசா இருக்கு, துருவும் இல்ல."

"எனக்கும் அதுதான் சரின்னு படுது" என்றாள் இன்பமணி.

எஸ்றா இரண்டு பெடல்களையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். சாமான்கள் அடுக்கியிருந்த கண்ணாடிப் பெட்டியை ஒட்டி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முதலில் ரப்பர் பெடல். குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் மட்டும் மிதித்தான். நாலைந்து தடவைக்குள் பெடல் முன்னால் நகர்ந்துபோயிற்று. காலால் பின்னுக்கு இழுத்தான். மறுபடி நகர்ந்தது.

பிறகு இரும்புப் பெடல். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

அவன் பாட்டுக்கு மிதித்துக்கொண்டே இருந்தான். தெருவைப் பார்த்தபடி, வேறு எதையோ நினைத்தபடி. அவன் கைகள் கண்ணாடிப் பெட்டியின்மேல் கிடந்தன. விரல்கள் கண்ணாடியில் மெல்ல விழுந்து விழுந்து எழுந்தன.

இன்பமணி அவன் கையைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். மறுபடி கையைப் பார்த்தாள்.

கை விழுந்தது. அதற்கு ஒரு மூச்சு பின்னால் கால் எழுந்து விழுந்தது. அடுத்து கை. அதற்குப் பின்னால் கால். ஒரு தடவைகூடக் கையும் காலும் சேர்ந்து விழவில்லை.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மிஷன் பங்களாவில் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவிடம் இரண்டு வருஷம் அவள் பியானோ படித்திருக்கிறாள். அந்த அம்மாள் தலைதலையாய் அடித்துக்கொண்டது இதற்காகத்தான். கால் கையோடு விழக்கூடாது, பின்னால் விழ வேண்டும். அப்போதுதான் பழைய சத்தம் போய்ப் புதுச் சத்தம் சுத்தமாக நிற்கும். ஆர்கன் மிதித்துப் பழகிய இன்பமணியின் கால் கடைசிவரை அதற்குப் படியவில்லை. கப்பலில் டைனமோவும் மோட்டாரும் பார்க்கிறவனுக்கு எப்படிப் படிந்தது?

"இரும்புதான் வேணும் அண்ணாச்சி" என்றான் எஸ்றா. "ஒயரை உள்ள அடுத்த முனைக்கு மாத்தி வச்சா நேராயிரும். அது சின்ன வேலை. ரப்பர் ஓடிக்கிட்டே இருக்கும். நாலு மணி நேரம் அதைத் தேடித் தேடி மிதிச்சா கெண்டைக்கால் பிடிச்சுக்கும்."

"கோயில்ல நாலு மணி நேரமா வாசிப்பாவ?" என்று அண்ணாச்சி சிரித்தார்.

எஸ்றாவும் சிரித்தான். ஸ்டூலிலிருந்து சட்டென்று எழுந்துகொண்டான்.

*

பெடலைப் பழைய செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கடற்கரை ரோட்டுப் பக்கம் நடந்தாள் இன்பமணி. எஸ்றா பின்னாலேயே வந்தான். பழைய துறைமுகத்தில் தோணிகள் நின்றன. கொழும்புக்குப் போகிற வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில், புதுத் துறைமுகத்துப் பக்கம், கிரேன்களுக்கு நடுவே ஒரு கப்பலின் புகைபோக்கி தெரிந்தது.

"ஏலே, நில்லு."

நின்றான்.

"நாலு மணி நேரம் மிதிச்சு யாருக்குக் கெண்டைக்கால் பிடிச்சுது?"

"கேள்விப்பட்டேங்கா."

"கேள்விப்பட்டவன் கால் அப்படி மிதிக்காது. நான் பாத்துக்கிட்டுத்தான நின்னேன்."

எஸ்றா பொட்டலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"விடிஞ்சதுல இருந்து உன் கப்பல் அந்தா கெடக்கு" என்றாள் அவள். "நீ அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலை. என்ட்ட சொல்லு. அம்மாட்ட நான் இப்பப் போய்ச் சொல்லப் போறதில்லை."

"அது என் கப்பல் இல்லைக்கா."

"வேற கப்பலா?"

"வேற கப்பலும் இல்ல. ரெண்டு வருசமா நான் எந்தக் கப்பல்லயும் இல்ல."

காற்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது. அவள் இழுத்துச் செருகிக்கொண்டாள். அவன் நிறுத்தாமல் சொன்னான். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்தவன் போலச் சொன்னான்.

"சிங்கப்பூர்ல கப்பலை ரிப்பேருக்குன்னு கட்டினாங்க. மாசக்கணக்கா நின்னுச்சு. சாயங்காலம் மாலுமிகள் கிளப்புக்குப் போவோம். அங்கன ஒரு பழைய பியானோ கெடந்துச்சு. சும்மா தட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு பிலிப்பைன்ஸ்காரர் பாத்துட்டுச் சொல்லிக்கொடுத்தார். அவரே ஒரு ஹோட்டல்ல கொண்டுபோய்ச் சேத்துவிட்டார். கப்பல் கெளம்பும்போது நான் எறங்கிட்டேன்."

"ஹோட்டல்னா?"

"ராத்திரி வந்து சாப்பிடுவாங்க. பக்கத்துல உக்காந்து வாசிக்கணும்."

"சாப்பிடத்தான் செய்வாங்களா, குடிக்கவும் செய்வாங்களா?"

"குடிக்கவும் செய்வாங்க."

இன்பமணி தோணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா என்ன செய்வார், சாத்தான்குளத்துக்காரர்கள் என்ன சொல்வார்கள், கோயிலில் என்ன பேசுவார்கள் என்பதெல்லாம் மனத்தில் ஓடியது. ஆனால் அவளை உறுத்தியது அது எதுவும் இல்லை. ஒரே வீட்டில் பெண்பிள்ளைக்கு ஆர்கன் பெஞ்சும் ஆண்பிள்ளைக்கு எலெக்ட்ரிக்கல் படிப்பும் என்று அப்பா பிரித்து வைத்துவிட்டுப் போனார். பாட்டு பையனுக்குச் சோறு போடாது என்றார். அவளும் அதை அப்படியே நம்பியிருந்தாள்.

"எனக்குக்கூட ஒரு வார்த்தை எழுதலையே" என்றாள். "யாரோ பிலிப்பைன்ஸ்காரன் சொல்லிக்கொடுத்துப் படிச்சிருக்க."

"பாதிதான் அவர். மிச்சம் நீதான்."

"நானா?"

"கோயில்ல உனக்குப் பக்கம் திருப்பிவிட்டுக்கிட்டு நின்னேன்லா, சின்னதுல. பாட்டுப் பொஸ்தகத்தையா பாத்தேன்? உன் கையைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

அவள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அவ்வளவு பிடிச்சுப்போய் இருந்தவன் ஏன் திரும்பி வந்தே?"

எஸ்றா பொட்டலத்தின் கிழிந்த ஓரத்தை மடித்துவிட்டான்.

"அந்தப் பெடலை ஏன் விட்டுட்டு வந்தே? இடமில்லைன்னு சொல்லாத."

"தரையோட முடுக்கி வச்சிருந்துச்சு, கழட்ட நேரமில்லைக்கா" என்றான் மெல்ல. "இப்போ அதைக் கேக்காத. இன்னொரு நாளைக்குச் சொல்லுதேன்."

அவன் குரலில் இருந்தது வெட்கம் இல்லை. பயம். அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மேலே கேட்க அவளுக்கே தைரியம் வரவில்லை.

"சரி. இதை மட்டுமாவது இன்னைக்கு அம்மாட்ட சொல்லிரணும். நாளைக்கு அந்தப் புள்ள வீட்டுக்காரங்க வருமுன்னே. கப்பல் ஆபீசர்னு நெனச்சு ஒருத்தியைக் கழுத்தை நீட்ட விடக்கூடாது."

"சொல்லுதேன்."

"எப்போ?"

"வீட்டுக்குப் போனதும்."

*

வீட்டுக்குப் போனபோது வாசலில் புதுச் செருப்புகள் கிடந்தன.

தேவகனியின் சித்தப்பா எபனேசர் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சாகுபுரத்து பேக்டரியில் வேலை. வேலை விஷயமாக அடிக்கடி துறைமுகத்துக்கு வந்து போகிறவர். கலகலப்பான மனிதர், பெண் பார்க்கிற சம்பிரதாயங்களில் அவருக்கு நம்பிக்கை இல்லை என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. பக்கத்தில் தேவகனி. நல்ல உயரம். எஸ்றா உள்ளே வந்ததும் தலையைக் குனிந்துகொள்ளாமல் ஒரு தடவை நேராகப் பார்த்துவிட்டுப் பிறகுதான் பார்வையைத் திருப்பினாள்.

"வாங்க தம்பி" என்றார் எபனேசர், வீடே தன்னுடையது போல. "ஒரு துணி எடுக்க வந்தோம். நாளைக்குக் கோயில்ல பாக்கத்தான போறோம், இன்னைக்கே பாத்தா என்னன்னு கூட்டிட்டு வந்துட்டேன். இந்த வாத்தியத்தைப் பக்கத்துல பாக்கணும்னு இவளுக்கும் ஆசை. சாத்தான்குளத்துக் கோயில்ல இவதான் பாட்டுக்குழுவை நடத்துதா."

ஞானபாய் டீச்சர் அவசரமாக மகளிடம் காப்பி போடச் சொன்னார். இன்பமணி அடுப்படிக்குள் போனாள். காது மட்டும் கூடத்தில் இருந்தது.

"உங்க கப்பல் வந்திருக்காம்லா?" எபனேசரின் குரல். "நான் ஒரு காரியம் பண்ணியிருக்கேன். ஹார்பர்ல நமக்குத் தெரிஞ்சவங்க உண்டு. நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் எல்லாரும் போய்ப் பாக்கதுக்குப் பாஸ் சொல்லி வச்சுட்டேன். தம்பி வேலை பாக்க இடத்தைப் புள்ளையும் பாக்கட்டும். என்ன தம்பி, கேப்டன்ட்ட எங்களைக் காட்டுவீங்கள்லா?"

இன்பமணி பாலை அடுப்பில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். இப்போது சொல்லிவிடுவான். இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சொல்லிவிடட்டும்.

"போவோம் மாமா" என்றான் எஸ்றா.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் வெறும் கையால் பாத்திரத்தைப் பிடித்து இறக்கினாள். விரல் சுட்டதுகூட உடனே உறைக்கவில்லை. போவோம் மாமா. நாளைக்குக் காலையில் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வானா? கப்பல் கிளம்பிவிட்டது என்பானா? ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னும் எத்தனை பொய் சொல்வான்? அம்மாவிடம் சொல்வதில்லை என்று இவள் கடற்கரையில் சொன்ன வார்த்தை வேறு இடித்தது.

காப்பியைக் கொண்டுவந்து வைத்தபோது எஸ்றா ஸ்குரூ டிரைவரோடு தரையில் உட்கார்ந்திருந்தான். இரும்புப் பெடலின் அடித்தட்டைக் கழற்றி, ஒயரை எடுத்து அடுத்த முனையில் மாற்றி முறுக்கினான். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் இருக்க அவனுக்கு அந்த வேலை உதவியாக இருந்தது.

"அடேயப்பா, என்ன லாகவம்" என்றார் எபனேசர். "எலெக்ட்ரிக்கல் ஆபீசர்னா சும்மாவா."

டீச்சரின் முகத்தில் பெருமை. "இன்பா, பெடல்தான் வந்துட்டுல்லா. ஒரு பாட்டு வாசிளா. அவங்க கேக்கட்டும்."

இன்பமணி உட்கார்ந்தாள். பெடல் பாதத்துக்குக் குளிர்ச்சியாக இருந்தது. நாளைக்கு வாசிப்பதாக இருந்த பாமாலையைத் தொடங்கினாள். முதல் அடியில் சத்தம் நிறைந்து நின்றது, பள்ளமெல்லாம் தூர்ந்துவிட்டது. தேவகனி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். இரண்டாவது அடியில் இன்பமணியின் கால் தன் பழைய குணத்தைக் காட்டத் தொடங்கியது. துருத்தியை மிதிப்பது போல ஏறி இறங்கி ஏறி இறங்கி மிதித்தது. சத்தத்தின்மேல் சத்தம் ஏறிக் கலங்கியது. நடுவில் அறுந்தது. மறுபடி கலங்கியது. காலைக் கட்டுப்படுத்தினால் கை தடுமாறியது. வேண்டுமென்று செய்யவில்லை. அவளுக்கு உண்மையிலேயே வரவில்லை.

கையை எடுத்துவிட்டாள்.

"பழக்கமில்லைலா. நாளைக்குள்ள வந்திரும்" என்றார் டீச்சர்.

"நாளைக்குள்ள எனக்கு வராதும்மா" என்றாள் இன்பமணி. எழுந்து நின்றாள். தான் செய்யப்போவது சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. செய்யாமல் இருக்கவும் முடியவில்லை. "எஸ்றா, நீ வா. வந்து வாசி."

"அக்கா, வேண்டாம்."

"அவனுக்கு எங்க தெரியும்?" என்றார் டீச்சர்.

இன்பமணி தம்பியை மட்டும் பார்த்தாள். "நான் ஒண்ணும் சொல்லலை. ஒரு வார்த்தை சொல்லலை. நீ வந்து வாசி."

எஸ்றா ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டான். ஓட இடமில்லாதவனாகத்தான் எழுந்து வந்தான். ஆனால் உட்கார்ந்ததும் அவன் முதுகு தானாகவே நிமிர்ந்தது. வலது கால் கீழே பார்க்காமலே பெடலின் மேல் போய் அமர்ந்தது.

அதே பாமாலைதான். எல்லாருக்கும் தெரிந்த ராகம்தான். அவன் அதை அவசரமில்லாமல் எடுத்தான். ஒரு சத்தம் முடிகிற இடமும் அடுத்தது பிறக்கிற இடமும் எங்கே என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இரண்டாவது தடவை அதே அடிகளுக்குக் கீழே வேறு கட்டைகளைச் சேர்த்தான். தெரிந்த பாட்டு தெரியாத ஊர் வழியாகப் போய்த் திரும்பி வந்தது. எதிர்வீட்டு வாசலில் இனிகோவின் மனைவி வந்து நின்று கேட்டாள். எபனேசர் காப்பி டம்ளரை வாயருகே பிடித்தபடி குடிக்க மறந்தார். தேவகனி அவன் கையைப் பார்க்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞானபாய் டீச்சர் மகனின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக வகுப்பறையில் நின்றவர். ஒரு பிள்ளை ஒரு பாடத்தை எவ்வளவு காலம் படித்திருக்கும் என்று கேட்ட மாத்திரத்தில் அவருக்குத் தெரியும். அவர் முகத்திலிருந்த பெருமை மெல்ல மெல்ல வடிந்து, அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து நின்றது.

பாட்டு முடிந்தது. எஸ்றா கையை எடுத்த பிறகும் காலை எடுக்கவில்லை. கடைசிச் சத்தம் கூடத்தில் தங்கி, தேய்ந்து, போயிற்று.

"பிரமாதம் தம்பி" என்றார் எபனேசர். "இதெல்லாம் கப்பல்லயா படிச்சீங்க?"

"இல்ல மாமா. கரையில."

"கரையிலன்னா?" என்று கேட்டது ஞானபாய் டீச்சர். குரல் உயரவில்லை. "மாசத்துக்கு ஒரு ஊருக்குப் போற கப்பல். எந்தக் கரையில நின்னு, எப்போ படிச்சே?"

எஸ்றா அம்மாவின் பக்கம் திரும்பினான். அக்காவைப் பார்க்கவில்லை.

"கப்பல் போயிட்டும்மா. நான் நின்னுட்டேன்."

டீச்சர் எழுந்தார். நடந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தி, கொண்டியை மாட்டினார். திரும்பி வந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முதல்ல இருந்து சொல்லு" என்றார்.

எபனேசர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். அவருடைய கலகலப்பெல்லாம் போய்விட்டது. "நாங்க வாரோம் டீச்சர். இது உங்க வீட்டு விஷயம். வா தேவகனி."

தேவகனி எழுந்திருக்கவில்லை.

"இருங்க சித்தப்பா" என்றாள். "அவங்க சொல்லி முடிக்கட்டும்."